ஆளி விதையை முழுதாகச் சாப்பிடலாமா, பொடிக்க வேண்டுமா? வெயில் காலத்தில் எங்கே வைப்பது?

வேலூர்க்காரி:
அம்மாவுக்கு 62 வயது, சர்க்கரைக்கும் கொலஸ்ட்ராலுக்கும் மாத்திரை போடுகிறார். அவருக்காக அரை கிலோ ஆளி விதை வாங்கி வந்தேன். பக்கத்து வீட்டு அக்கா அப்படியே மோரில் போட்டுக் குடித்தால் போதும் என்கிறார், சித்தியோ வறுத்தால் சத்தெல்லாம் போய்விடும் என்கிறார். எங்கள் ஊர் வெயிலுக்கு அடுக்களை அலமாரியே அனலடிக்கும், அங்கே வைத்தால் கெடாதா? அப்புறம், அம்மா மீன் தொட மாட்டார். அதற்கு இது ஈடாகுமா?

ஹூப்ளித் தமிழன்:
மெல்லாமல் விழுங்கினால் முக்கால்வாசி விதை அப்படியே வெளியே போய்விடும், தோல் அவ்வளவு கெட்டி. பொடித்துத்தான் சாப்பிட வேண்டும். வறுக்கப் பயப்படாதீர்கள், சிறு தீயில் லேசாக வறுப்பதால் பெரிதாக எதுவும் போகாது, பச்சை வாடையும் போகும். இங்கே வடகர்நாடகத்தில் சோள ரொட்டிக்கு அகசி (ஆளி விதைக்குக் கன்னடப் பெயர்) சட்னிப் பொடி இல்லாத வீடு அபூர்வம். கனமான வாணலியில் எண்ணெய் விடாமல் வறுங்கள், படபடவென்று வெடித்து நாலைந்து விதை வெளியே துள்ளும்போதே இறக்கித் தட்டில் பரப்பிவிடுங்கள், கருகினால் கசக்கும். நன்றாக ஆறிய பிறகு வறுத்த மிளகாய், பூண்டு, துளி புளி, உப்பு சேர்த்து மிக்ஸியை விட்டு விட்டு ஓட்டுங்கள், தொடர்ந்து ஓட்டினால் சூட்டில் எண்ணெய் கக்கி பிளேடில் அப்பிக்கொள்ளும். இட்லிக்கும் இது அருமையாக இருக்கும்.

நிலக்கடலை:
விதையின் எடையில் ஏறக்குறைய 40 சதவீதம் எண்ணெய், அதில் பாதிக்கு மேல் ஆல்ஃபா லினோலெனிக் அமிலம் என்கிற ஒமேகா 3. காற்றும் சூடும் வெளிச்சமும் பட்டால் முதலில் கெடுவது அதுதான். முழு விதைக்குத் தோல் காவல் இருக்கிறது, ஈரம் படாமல் மூடி வைத்தால் மாதக்கணக்கில் தாங்கும், ஆனால் உங்கள் ஊர் வெயிலுக்கு அதையும் ஃப்ரிட்ஜில் வைப்பதே நல்லது. பொடியை ஒரு வாரத்துக்கு ஆகிற அளவு மட்டும் அரைத்து, காற்றுப் புகாத டப்பாவில் ஃப்ரிட்ஜில் வையுங்கள். நல்ல பொடி கொட்டைபோல லேசாக மணக்கும், பெயின்ட் வாடையோ சிக்கு வாடையோ அடித்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். கடையில் பொடியாக விற்பதை நான் வாங்கவே மாட்டேன், எப்போது அரைத்தார்களோ!

இன்னொன்று, ஹார்டுவேர் கடையில் மரச்சாமானுக்கும் கிரிக்கெட் மட்டைக்கும் விற்கிற ஆளி எண்ணெயைச் சமையலுக்கு எடுக்கவே கூடாது. சாப்பிடுகிற எண்ணெய் தனியாகக் கிடைக்கும், அதையும் தாளிக்க வேண்டாம், சூடு தாங்காது.

வேலூர்க்காரி:
ரொம்ப நன்றி. ஒரு நாளைக்கு எவ்வளவு கொடுக்கலாம்? மாத்திரையோடு சேர்ந்தால் ஏதாவது ஆகுமா?

ஊட்டச்சத்துப் பித்தன்:
முதல் வாரம் ஒரு டீஸ்பூன், வயிறு பழகியதும் ஒரு டேபிள்ஸ்பூன் பொடி போதும். அதில் சுமார் 2 கிராம் நார்ச்சத்தும் ஒன்றரை கிராம் அளவுக்கு ஒமேகா 3-ம் இருக்கும். இந்த நார் தண்ணீரை உறிஞ்சி வழவழவென்று ஊறும், அதனால் தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் மலச்சிக்கல் தீராது, கூடும். மாத்திரைக்கும் இதற்கும் ஒன்றிரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள், மருந்து உடம்பில் சேர்வதை நார் தாமதப்படுத்தலாம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுத்தால் டாக்டரிடம் கேட்காமல் தொடங்கவே வேண்டாம். கொலஸ்ட்ரால் கொஞ்சம் இறங்கலாம், அதை நம்பி மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

மீனுக்கு முழு ஈடு என்று சொல்ல மாட்டேன். மீனில் இருக்கிற ஒமேகா 3 வேறு வகை, ஆளி விதையில் இருப்பதை நம் உடம்பு மிகக் குறைவாகத்தான் அந்த வகையாக மாற்றும். ஆனாலும் மீன் தொடாதவருக்கு இது நல்ல துணை, தாராளமாகக் கொடுங்கள். மோரில் கலந்தால் உடனே குடித்துவிட வேண்டும், கொஞ்ச நேரம் வைத்தாலே கொழகொழவென்று ஆகிவிடும், அம்மா மறுபடி அந்தப் பக்கமே வர மாட்டார்.