குறட்டையும் உறக்கத்தில் மூச்சு நிற்பதும்: தில்லியில் எங்கே, என்ன சிகிச்சை?

கேள்வி (மயூர் விஹார் வாசகி):

வணக்கம். என் கணவருக்கு 52 வயது. மத்திய அரசுப் பணியில் இருக்கிறார். குறட்டை பல ஆண்டுகளாக உண்டு. ஆனால் இப்போதெல்லாம் சத்தம் திடீரென்று நின்றுவிடும்போதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. மார்பும் வயிறும் ஏறி இறங்கிக்கொண்டே இருக்க, மூக்கிலும் வாயிலும் காற்றே வராமல் சில நொடிகள் கழிந்து, பெரும் திணறலோடு மூச்சு திரும்புகிறது. காலையில் தலைவலியோடு எழுகிறார். இரண்டு மாத்திரை போட்டும் ரத்த அழுத்தம் கட்டுப்படவில்லை. சிக்னலில் வண்டி நின்றால் கண் சொக்கிவிடுகிறது. ஒரு தனியார் மருத்துவமனையில், எந்தப் பரிசோதனையும் செய்யாமல், உள்நாக்குப் பகுதியில் அறுவை சிகிச்சை செய்துகொள்ள நாள் குறிக்கச் சொல்லிவிட்டார்கள். சம்மதிக்கலாமா? வேறு வழிகள் உண்டா?

பதில் (ஆர்.கே.புரம் வாசகர்):

அம்மா, உறக்கப் பரிசோதனை முடியும் வரை அறுவை சிகிச்சைக்குத் தயவுசெய்து நாள் குறிக்காதீர்கள். அதுவரை அவரை வண்டி ஓட்டவும் விடாதீர்கள். நீங்கள் எழுதியிருப்பவை ஸ்லீப் ஆப்னியாவுக்கே (உறக்கத்தில் மூச்சு அடிக்கடி நிற்கும் கோளாறு) உரிய அறிகுறிகள்; கட்டுப்படாத ரத்த அழுத்தத்துக்கும் அதுவே காரணமாக இருக்கலாம். எய்ம்ஸ், சஃப்தர்ஜங் மருத்துவமனைகள் இரண்டிலும் நுரையீரல் துறையே உறக்க மருத்துவத்தையும் பார்க்கிறது. சி.ஜி.எச்.எஸ். (மத்திய அரசு ஊழியர்களுக்கான மருத்துவத் திட்டம்) மருந்தகத்தில் பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொண்டு போங்கள்.

ஆய்வகத்தில் ஓர் இரவு தங்க வேண்டியிருக்கும். தலையில் மூளை அலைக்கான ஒயர்கள், மார்பிலும் வயிற்றிலும் பட்டைகள், மூக்கடியில் காற்றோட்டம் பார்க்கும் சிறு குழாய், விரலில் ஆக்சிஜன் கிளிப் எல்லாம் பொருத்தி, பத்து நொடிக்குக் குறையாமல் மூச்சு நிற்பதையும் வெகுவாகக் குறைவதையும் சேர்த்து, மணிக்கு எத்தனை முறை என்று கணக்கிடுவார்கள். 5 முதல் 15 வரை லேசானது, 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமையானது. வீட்டிலேயே செய்யும் எளிய பரிசோதனையும் உண்டு. ஆனால் அது பெரும்பாலும் உறங்கிய நேரத்தை அளக்காமல் பதிவான மொத்த நேரத்தையே கணக்கில் எடுப்பதால், எண்ணிக்கை குறைவாகத் தெரியக்கூடும்.

நடுத்தரத்துக்கும் கடுமையானதற்கும் முதல் சிகிச்சை சிபேப் கருவிதான். 1981இல் ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சலிவன் அறிமுகப்படுத்தியது. முகமூடி வழியாக வரும் காற்றின் அழுத்தம் தொண்டை மூடிக்கொள்ளாமல் பிடித்து வைக்கிறது. நான் அதைத்தான் பயன்படுத்துகிறேன். முகமூடியின் அளவு சரியாக இல்லாததாலேயே பலர் கருவியை மூலையில் போட்டுவிடுகிறார்கள். ஆகவே இரண்டு மூன்று வகைகளைப் படுத்த நிலையில் போட்டுப் பார்த்தே வாங்குங்கள். தில்லிக் குளிரில் ஈரப்பதமான காற்று குழாய்க்குள்ளேயே நீராகி, நடு இரவில் மூக்கில் சொட்டும். குழாய்மேல் கம்பளி உறை போட்டு, கருவியைத் தலைமட்டத்துக்குக் கீழே வைத்தால் அது பெரிதும் குறையும். சி.ஜி.எச்.எஸ்.ஸில் பணம் திரும்பப் பெற அறிக்கையும் முன் அனுமதியும் தேவை என்பதால், வாங்குவதற்கு முன்பே விண்ணப்பித்துவிடுங்கள்.

பதில் (ரோகிணி, பல் மருத்துவர்):

லேசான, நடுத்தர நிலைகளிலும், சிபேப் ஒத்துவராதவர்களுக்கும், கீழ்த்தாடையைச் சற்று முன்னே இழுத்துப் பிடிக்கும் வாய்க்கருவி உதவும். பல் அச்செடுத்து அவரவர் வாய்க்கென்று செய்த கருவியாக இருக்க வேண்டும். இணையத்தில் விற்கும் வெந்நீரில் போட்டு வளைக்கும் வகை அதற்கு ஈடாகாது. பற்களும் ஈறும் உறுதியாக இருக்க வேண்டும். நாளடைவில் மேல், கீழ்ப் பற்கள் ஒன்றோடொன்று பொருந்தும் விதம் சற்று மாறக்கூடும் என்பதால் அவ்வப்போது காட்டிக்கொள்வது அவசியம். அறுவை சிகிச்சையை நான் ஒதுக்கவில்லை. டான்சில் பெரிதாக உள்ள குழந்தைகளுக்குப் பெரும்பாலும் அதுதான் முதல் வழி. பெரியவர்களுக்கோ அடைப்பு எந்த இடத்தில் என்று பார்த்த பிறகே அதைப் பேச வேண்டும். மூக்குத் தண்டை நேராக்குவதால் மட்டும் ஆப்னியா போய்விடாது. முகமூடியைத் தாங்கிக்கொள்வது எளிதாகும், அவ்வளவுதான்.

கேள்வி கேட்டவர்:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. உறவினர் ஒருவர் தாம் பயன்படுத்திய பழைய கருவியைத் தருவதாகச் சொல்கிறார், வாங்கிக்கொள்ளலாமா? உடல் எடையைக் குறைத்தால் இது போய்விடுமா?

பதில் (ஆர்.கே.புரம் வாசகர்):

அழுத்தம் அவரவர் பரிசோதனையைப் பார்த்து மருத்துவர் குறிப்பது. இன்னொருவருடைய அளவு உங்கள் கணவருக்குப் பொருந்தாது. பிலிப்ஸ் நிறுவனம் 2021 ஜூனில், ஒலியைக் குறைக்கும் நுரைப்பொருள் உதிர்ந்து மூச்சோடு உள்ளே போகக்கூடும் என்று தன் கருவிகள் பலவற்றைத் திரும்பப் பெற்றது. ஆகவே பழைய கருவி எதுவானாலும் மாடல் எண்ணைச் சரிபார்க்காமல் தொடாதீர்கள். எடை குறைவது உறுதியாக உதவும். சிலருக்கு முழுமையாகவே சரியாகிறது. உடல் பருமனோடு நடுத்தர, கடுமையான ஆப்னியா உள்ளவர்களுக்கு எடையைக் குறைக்கும் டிர்செபடைடு ஊசிக்கு அமெரிக்காவில் 2024 டிசம்பரில் அனுமதி கிடைத்தது. அது அவருக்கு ஏற்றதா என்று மருத்துவரிடம் கேளுங்கள். ஆனால் எடை குறைய மாதக்கணக்காகும். அதுவரை சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம். இன்றிரவு முதலே ஒருக்களித்துப் படுக்கச் சொல்லுங்கள். மதுவும் தூக்க மாத்திரையும் தொண்டைத் தசையை மேலும் தளர்த்திவிடும் என்பதால் இரண்டும் கூடாது. அவர் மூச்சு நின்று திணறுவதைக் கைபேசியில் பதிவு செய்து மருத்துவரிடம் காட்டுங்கள்.