சிவப்பு அட்டைக்குப் பிறகு விசாரணை அறையில் உங்களுக்கு என்ன நடந்தது?

எங்கள் ரக்பி கிளப் சின்னது. மலேசியாவில் பெட்டாலிங் ஜெயா பக்கம் ஒரு பள்ளித் திடலில் பயிற்சி, முடிந்ததும் மாமாக் கடை, அவ்வளவுதான். நான் மேனேஜர். அதாவது தண்ணீர்ப் போத்தல் தூக்குகிறவன், படிவம் நிரப்புகிறவன். சில வருடங்களுக்கு முன் எங்கள் ஃபிளாங்கர் (முன்வரிசைகளின் ஓரத்தில் ஆடுகிறவன்), 19 வயதுப் பையன், ஒருவனை மடக்க, அதாவது டேக்கிள் செய்யப் போனபோது தோள் அவன் தாடையில் பட்டுவிட்டது. சிவப்பு அட்டை. மூன்றாம் நாள் விசாரணை.

காரில் போகும்போது அவனுக்கு நான் சொல்லிக் கொடுத்தது இது: "தப்பே செய்யலைன்னு நில்லு. அவன்தான் குனிஞ்சான்." மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். முதல் கேள்வியே, அட்டையை ஏற்றுக்கொள்கிறாயா என்பதுதான். பையன் திரும்பி என்னைப் பார்த்தான். வேண்டாம் என்று தலையாட்டினேன். கால் மணி நேரத்தில் முடிந்தது. 6 வாரத் தடை.

இரண்டு வாரம் கழித்து வேறொரு கிளப் ஆள், அதே மாதிரி டேக்கிள். என் கண்ணுக்கு இன்னும் மோசம். அவனுக்கு 3 வாரம். பெரிய கிளப், உள்ளே ஆள் இருக்கிறது, வேறென்ன என்று தே தாரிக் ஆறும்வரை திட்டித் தீர்த்தோம்.

அந்தக் கோபத்தில்தான் உலக ரக்பி அமைப்பின் ஒழுங்கு விதி 17ஐ முதல் முறையாக முழுதாகப் படித்தேன். உயர டேக்கிளுக்கு, அதாவது தோளுக்கு மேலே மடக்குவதற்கு, தடையில் மூன்று படி: 2 வாரம், 6 வாரம், 10 அல்லது அதற்கு மேல். தலையில் பட்ட முரட்டு ஆட்டம் என்றால் குறைந்தது நடுப்படி. அங்கிருந்து பாதி வரைக்கும் குறைக்கலாம். எதற்காக? குற்றத்தை ஒப்புக்கொண்டது, முன்பு தண்டனை இல்லாதது, வருத்தம் தெரிவித்தது, வயதும் அனுபவமும் குறைவாக இருப்பது, விசாரணையில் நடந்துகொண்ட விதம். எங்கள் பையனிடம் இதில் எல்லாமே இருந்திருக்கும். முதல் கேள்வியிலேயே கெடுத்தவன் நான். அந்தப் பெரிய கிளப்பார் மடிக்கணினியில் வீடியோ, அடிபட்டவனுக்கு அனுப்பிய மன்னிப்புச் செய்தி, கோச் எழுதிய கடிதம் எல்லாம் கொண்டுபோயிருக்கிறார்கள். 6ல் பாதி 3. கணக்கு சரிதான்.

ஆனாலும் எனக்கு ஒரு வருத்தம் இன்னும் இருக்கிறது. எங்களுக்கு வந்த முடிவு நான்கு வரி. அதில் ஏன் 6 என்று ஒரு சொல்கூட இல்லை. காரணத்தை எழுதியிருந்தால் நாங்கள் யாரையும் சந்தேகப்பட்டிருக்க மாட்டோம்.

உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்.

பினாங்கு, பழைய நடுவர்

மேசைக்கு வராத ஒருவரை மறந்துவிட்டீர்கள் அண்ணே, அறிக்கை எழுதுகிற நடுவரை. ஒரு ஆட்டம், விடாத மழை, கை விறைத்துப்போய் போனிலேயே மூன்று வரி எழுதி அனுப்பினேன். "வேகமாக வந்து தலையில் இடித்தார்." அந்தப் பையன் பாதி வேகத்தில்தான் வந்தான். 'வேகமாக' என்பது கை தானாக எழுதிய சொல். வீடியோ இல்லாத ஆட்டத்தில் என் மூன்று வரிதான் சாட்சி. அங்கே சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கத் தேவையில்லை, நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்றால் போதும். அட்டை தப்பு என்று காட்டும் பொறுப்பும் ஆட்டக்காரன் தலையில். எத்தனை வாரம் போட்டார்கள் என்று நான் கேட்கவே இல்லை. இப்போதெல்லாம் எழுதியதை ஒரு மணி நேரம் கழித்து மறுபடி படித்துவிட்டுத்தான் அனுப்புகிறேன்.

செந்தூல், பார்வையாளர் மட்டும்

நீங்கள் எல்லாரும் ரொம்ப நல்லவர்கள். அப்போது இங்கிலாந்து கேப்டனாக இருந்த ஓவன் ஃபாரல் கதையை யாரும் சொல்லவில்லையே? 2023 ஆகஸ்ட் 12, டுவிக்கன்ஹாம், வேல்ஸின் டைன் பாஷம் தலையில் தோள். மஞ்சள் அட்டை, ஆட்டம் நடக்கும்போதே அது சிவப்பானது. மூன்று நாளில் விசாரணைக் குழு அதை ரத்து செய்தது. அதே நேரத்தில் டோங்காவின் ஜார்ஜ் மொவாலாவுக்கு 5 வாரம். இங்கிலாந்து கேப்டன் என்றால் ஒரு நியாயம், தீவுக்காரன் என்றால் ஒரு நியாயம்.

மீண்டும் பெட்டாலிங் ஜெயா

தம்பி, பாதிதான் ஒத்துக்கொள்வேன். மொவாலா கனடா ஆட்டக்காரரைத் தூக்கிக் கவிழ்த்தார். அதற்கு அட்டவணையே வேறு, நடுப்படி 10 வாரம். பாதி குறைத்து 5. இருவருக்கும் வாரத்தை மட்டும் ஒப்பிட்டால் தப்பாகத்தான் தெரியும்.

ஃபாரல் கதையும் ரத்தோடு முடியவில்லை. ஃபாரலின் சக வீரர் குறுக்கிட்டதால் பாஷம் திடீரென்று திசை மாறினார் என்று முதல் குழு சொன்னது. உலக ரக்பியே மேல்முறையீடு செய்தது. ஃபாரல் கையால் அணைக்க முயன்றாரா என்பதை முதல் குழு பார்க்கவே இல்லை என்று மேல்முறையீட்டுக் குழு ஆகஸ்ட் 22ல் பிடித்தது. 6ல் தொடங்கி 4 ஆட்டத் தடை, உலகக் கோப்பையில் அர்ஜென்டினா, ஜப்பான் ஆட்டங்கள் போயின. முதல் குழு எதைப் பார்த்தது, எதை விட்டது என்று எழுத்தில் இருந்ததால்தான் இது நடந்தது. எங்கள் நான்கு வரியை வைத்துக்கொண்டு எந்த இடத்தைப் பிடித்து மேல்முறையீடு செய்வது?

ஷா ஆலம், ஒரு அம்மா

நான் ஆட்டம் தெரிந்தவள் இல்லை. என் மகனுக்கு வயது 16. நேற்று விசாரணை. என்னை வெளியில் உட்கார வைத்துவிட்டார்கள். உள்ளே முழுக்க ஆங்கிலத்தில் கேட்டார்களாம், பயத்தில் எல்லாவற்றுக்கும் 'யெஸ் சார்' என்று சொல்லியிருக்கிறான். 4 வாரம். அது அதிகமா குறைவா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. இனிமேல் ஏதாவது செய்ய முடியுமா?

மீண்டும் பெட்டாலிங் ஜெயா

அக்கா, பயப்படாதீர்கள். 18 வயதுக்குக் குறைந்த பிள்ளையோடு பெரியவர் ஒருவர் இருந்தாரா என்பதை முதலில் எழுதிக் கேளுங்கள். முடிவுக்குக் காரணம் எழுத்தில் வேண்டும் என்றும் கேளுங்கள். அப்புறம், போட்டி விதித்தாளில் மேல்முறையீட்டுக்கு எவ்வளவு அவகாசம் என்று இப்போதே பாருங்கள். எங்களுக்கு 48 மணி நேரம் தந்தார்கள். அதில் 40 மணி நேரத்தை மாமாக் கடையில் திட்டியே தீர்த்துவிட்டோம்.