பெரிய வீட்டுப் பங்காளிகள் குழு: வீடு காட்டிய ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை

உமையாள் ஆச்சி (கோட்டையூர்), மாலை 6:12
மெய்யப்பா, நாம் விற்கிற பெரிய வீட்டைப் பார்க்க 4 பேர் வருவார்கள் என்றாய். புரோக்கர் பையன் நீங்கலாக வந்தது 14 பேர். முகப்பில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். போனவர்களில் 11 பேர்தான் என் முன்னால் வெளியே வந்தார்கள். மிச்சம் 3 பேர் எங்கே என்று போய்ப் பார்த்தால் பின்கட்டுக் கதவு திறந்து கிடக்கிறது. அந்தத் தெரு வழியாகவே போய்விட்டார்கள் போல.

மெய்யப்பன் (சென்னை), 6:15
ஐயையோ. ஏதாவது காணவில்லையா ஆச்சி?

உமையாள் ஆச்சி, 6:19
காணாமல் போக என்ன மிச்சம் இருக்கிறது? வெண்கலமும் மங்கு சாமானும் பங்கு வைத்து ஆளுக்கொரு ஊருக்குப் போய் 6 வருஷம் ஆகிறது.

விசாலாட்சி (மதுரை), 6:20
பேழை?

உமையாள் ஆச்சி, 6:24
இருக்கிறது. சாமி அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். அந்தப் பையன் இரண்டு தடவை வந்து, "ஆச்சி, அதையும் திறந்து காட்டிருங்க, பார்ட்டி சந்தேகப்படுறாரு" என்றான். முன்னோருக்கு வைக்கிற படைப்புச் சேலையும் வேட்டியும் பேழையில் இருக்கிற அறையில் பார்ட்டிக்கு என்ன சந்தேகம்?

விசாலாட்சி, 6:25
செருப்பு?

உமையாள் ஆச்சி, 6:31
அதை ஏன் கேட்கிறாய். பையனே ஷூவோடுதான் வளவு முற்றத்துக்குள் நடந்தான். அவன் கழற்றியிருந்தால் பின்னால் வந்தவர்களும் கழற்றியிருப்பார்கள்.
அப்புறம் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர். வளவுத் தூண் ஒவ்வொன்றையும் மோதிர விரலால் தட்டி, காதை வைத்துக் கேட்டார். பையிலிருந்து டேப்பை எடுத்துச் சுற்றளவு பிடித்து உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். மனை எத்தனை சென்ட் என்று கேட்கவில்லை. கிணற்றில் தண்ணீர் உண்டா என்று கேட்கவில்லை. நிலைக்கதவு எத்தனை கன அடி தேறும் என்று கேட்டார்.

விசாலாட்சி, 6:33
அவர் வீடு வாங்க வந்தவர் இல்லை, பிரித்து விற்கிறவர். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் போய்ப் பாருங்கள், எத்தனை வீட்டு நிலைக்கதவுகள் சுவரோரம் சாய்ந்து நிற்கின்றன என்று. அண்ணே, உங்கள் புரோக்கருக்கு இதெல்லாம் தெரியாதா?

மெய்யப்பன், 6:36
என் புரோக்கர் என்று ஏன் பிரிக்கிறாய்? குழுவில் கேட்டுத்தானே ஏற்பாடு செய்தேன். எல்லாரும் கட்டைவிரல் காட்டினீர்கள்.

உமையாள் ஆச்சி, 6:40
இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பட்டாலைக் கூடத்துச் சுவரை ஒருவர் கார் சாவியால் சுரண்டிப் பார்த்தார். பெயின்ட்டா, உண்மையான பூச்சா என்று பார்த்தாராம். முட்டை வெள்ளைக்கரு போட்டு மெருகு ஏற்றிய சுவர். ஐயா காலத்திலிருந்து முகம் தெரிகிற சுவர். இப்போது விரல் நீளத்துக்கு வெள்ளைக் கோடு. ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தேன், போகவில்லை.

லெட்சுமணன் சித்தப்பா (திருச்சி), 7:02
இந்த வீடியோவைப் பார்த்தீர்களா? ஃபேஸ்புக்கில் எனக்கு ஒரு கிளையண்ட் அனுப்புகிறார். "செட்டிநாட்டு அரண்மனை விற்பனைக்கு". முன்வாசல் பூட்டைக் கிட்டத்தில் காட்டியிருக்கிறான். "வீட்டில் யாரும் இல்லை, எப்ப வேணாலும் பார்க்கலாம்" என்று குரல் வேறு கொடுத்திருக்கிறான். திருடனுக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கிற மாதிரி.

விசாலாட்சி, 7:09
பார்த்தேன் சித்தப்பா. தரையைக் காட்டி "இத்தாலி டைல்ஸ்" என்கிறான். ஆத்தங்குடிக் கல்! கண்ணாடிப் பலகை மேல் வண்ணக் கலவையை ஊற்றி, உள்ளூர் மணலும் சிமெண்டும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கிற கல். ஆத்தங்குடிக்காரர் காதில் விழுந்தால் அடிக்க வருவார்.
அடுத்து "யுனெஸ்கோ அங்கீகாரம் பெற்ற வீடு" என்கிறான். செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் 2014இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் சேர்ந்தன, அவ்வளவுதான். அங்கீகாரம் இன்னும் வரவில்லை. நம் வீட்டுக்குத் தனியாக ஒரு சீட்டும் கிடையாது.

லெட்சுமணன் சித்தப்பா, 7:14
பதிவுச் செலவு 7 சதவீதம்தான் என்றும் சொல்லியிருக்கிறான். முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9. வாங்குகிறவர் கடைசி நாளில் சார்பதிவாளர் ஆபீஸ் வாசலில் நின்று நம்மைத்தான் திட்டுவார்.
யாராவது டோக்கன் என்று ரொக்கம் நீட்டினால் வாங்காதீர்கள். சொத்து விற்பனை முன்பணமாக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டம் விடாது. வாங்கினால் அதே தொகை அபராதம்.

நாச்சியப்பன் (டல்லாஸ்), 8:05
இப்போதுதான் எழுந்து படித்தேன். இங்கே இதை ஓப்பன் ஹவுஸ் என்பார்கள். பெரும்பாலும் சனி ஞாயிறு மதியம், இரண்டு மூன்று மணி நேரம். நாங்கள் வீடு வாங்கும்போது பத்துப் பன்னிரண்டு வீடு இப்படிப் பார்த்தோம். ஏஜென்ட் முன்னாடியே வந்து எல்லா விளக்கையும் போட்டு வைத்திருப்பார். வீட்டுக்காரர்கள் நகையையும் மருந்து மாத்திரையையும் பூட்டிவிட்டு வெளியே போய்விடுவார்கள். வாசலில் பெயரும் போன் நம்பரும் எழுத வேண்டும். சில வீடுகளில் காலுக்கு உறை கொடுப்பார்கள். கூட்டம் அதிகமானால் கூட ஒரு ஆளை வைத்துக்கொள்வார்கள். முடிந்ததும் தெருவில் வைத்த பலகையைக்கூட அவரேதான் எடுத்துப் போக வேண்டும்.

விசாலாட்சி, 8:08
வீட்டுக்காரர் வெளியே போய்விடுவாரா? நம் ஆச்சியைப் போகச் சொல்லிப் பாருங்கள் 😄

நாச்சியப்பன், 8:12
ஆமாம். வீட்டுக்காரர் இருந்தால் வந்தவர்கள் வாய் திறந்து பேச மாட்டார்கள். குறை சொல்லக் கூசுவார்கள். குறை சொல்லாதவர் வாங்கவும் மாட்டார்.
2024 ஆகஸ்டிலிருந்து இங்கே இன்னொரு நடைமுறை. ஒரு ஏஜென்ட் நம்மை வீடு பார்க்கக் கூட்டிப்போகும் முன் எழுத்தில் ஒப்பந்தம் போட வேண்டும், அவருக்கு எவ்வளவு கூலி என்பது உள்பட. ஓப்பன் ஹவுஸுக்கு நாமாக நடந்து போனால் அது தேவையில்லை. நம் புரோக்கரோடு எழுத்தில் ஏதாவது இருக்கிறதா அண்ணே?

மெய்யப்பன், 8:30
வாய்ப்பேச்சுதான்.

திங்கட்கிழமை

மெய்யப்பன், காலை 9:40
அவரையே குழுவில் சேர்க்கிறேன். முதுகுக்குப் பின்னால் பேசுவதைவிட நேரில் கேட்டுவிடலாம்.

(மெய்யப்பன் புதிய எண்ணைச் சேர்த்தார்)

புரோக்கர் தம்பி, 10:22
எல்லாருக்கும் வணக்கம். அண்ணன் ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார், படித்தேன். ஷூ என் தப்பு. வீடியோவை எடுத்துவிட்டேன். சுவர்க் கீறலுக்கு ஆள் கூட்டி வந்து காட்டுகிறேன், பழைய பூச்சு தெரிந்த கொத்தனார் ஒருவர் பள்ளத்தூரில் இருக்கிறார்.
ஆனால் நான் சொல்வதையும் கேளுங்கள். அந்த வீட்டில் கரண்ட் இல்லை, பில் கட்டாமல் பிடுங்கிவிட்டார்கள். இரண்டாங்கட்டை செல்போன் டார்ச் அடித்துத்தான் காட்டினேன். மாடிக் கதவைத் திறந்ததும் வவ்வால் முகத்தில் அடித்தது, ஒரு அம்மா கத்தியதில் பாதிப் பேர் படியிலேயே திரும்பிவிட்டார்கள். வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறது. முன்னால் நின்றால் பின்னால் தெரியாது. நான் ஒற்றை ஆள்.
விலையும் அப்படித்தான். அண்ணன் எனக்கு ஒரு விலை சொன்னார். பார்க்க வந்தவர் மதுரைக்குப் போன் போட்டுக் கேட்டிருக்கிறார், அங்கே 15 லட்சம் குறைத்துச் சொல்லியிருக்கிறார்கள். என் மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வது?

விசாலாட்சி, 10:25
அவர் என் வீட்டுக்காரரின் நண்பர். தெரிந்தவர் என்று சொன்னேன். தப்புதான்.

புரோக்கர் தம்பி, 10:27
அப்புறம் ஆச்சி கோபித்துக்கொள்ளக் கூடாது. முகப்பில் உட்கார்ந்து, வந்தவர்களுக்கெல்லாம் பாகப்பிரிவினைக் கேஸ் 11 வருஷம் நடந்த கதையை முதலிலிருந்து சொன்னீர்கள்.

உமையாள் ஆச்சி, 10:31
கேட்டார்கள், சொன்னேன். பொய்யா?

லெட்சுமணன் சித்தப்பா, 10:34
பொய் இல்லை ஆச்சி, மறைக்கவும் கூடாது. தீர்ப்பு நகல், வில்லங்கச் சான்றிதழ், பட்டா மூன்றையும் ஒரு ஃபைலில் போட்டுத் திண்ணையில் வைத்துவிடுவோம். கேட்டவர் படித்துக்கொள்ளட்டும். நீங்கள் சொன்னால் யார் யாரை அடித்தார் என்பதும் சேர்ந்து வந்துவிடுகிறது.

உமையாள் ஆச்சி, 10:36
அடித்தது நிஜம்தானே.

உமையாள் ஆச்சி, 10:41
சரி, அது கிடக்கட்டும். அந்த 3 பேர் யாரப்பா? அதைச் சொல்லு முதலில்.

புரோக்கர் தம்பி, 10:58
புதுக்கோட்டையிலிருந்து வந்தவர்கள். கணவன் மனைவி இரண்டு பேரும் டீச்சர், கூட ஒரு பெண் பிள்ளை. இரண்டாங்கட்டில் நின்று நீங்கள் எந்த ஆளுக என்று கேட்டேன். அந்த சார் பதில் சொல்லவில்லை. பிள்ளை கையைப் பிடித்துக்கொண்டு பின்கட்டு வழியாகப் போய்விட்டார்கள். திரும்பி எல்லார் முன்னாலும் நடந்து வர அவர்களுக்கு மனசு இல்லை.

நாச்சியப்பன், 11:04
இதை இங்கே ஒரு ஏஜென்ட் கேட்டு அதை வைத்து ஆளைத் தள்ளினால் லைசென்ஸே போய்விடும். நிறம், மதம், பிறந்த நாடு பார்த்து வீடு மறுக்கக் கூடாது என்று 1968இலேயே சட்டம். ஏன் தம்பி கேட்டீர்கள்?

புரோக்கர் தம்பி, 11:10
நானாகக் கேட்கவில்லை அண்ணே. கேட்கச் சொன்னார்கள். இந்தக் குழுவில் இருக்கிறவர்தான். பேர் வேண்டாம்.

விசாலாட்சி, 11:11
யார்?

மெய்யப்பன், 11:15
நான் இல்லை.

லெட்சுமணன் சித்தப்பா, 11:52
நான்தான் சொன்னேன். பங்காளிகள் படைப்பு வைக்கிற வீடு, நம் ஆட்களாகப் பார் என்று போனில் சொன்னேன். இப்படி நடு வீட்டில் வைத்துக் கேட்பான் என்று நினைக்கவில்லை.

விசாலாட்சி, 11:54
வேறு எங்கே வைத்துக் கேட்டிருந்தால் சரி சித்தப்பா?

(சிறிது நேரம் யாரும் எழுதவில்லை)

உமையாள் ஆச்சி, மதியம் 12:20
நான் முகப்பில் இருந்து பார்த்தேன். அந்த அம்மா செருப்பைத் திண்ணைக்குக் கீழே கழற்றி, பிள்ளையின் செருப்பையும் கழற்றி, இரண்டையும் சேர்த்து ஓரமாக வைத்தார். நிலையைத் தாண்டும் முன் குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். 14 பேரில் அதைச் செய்தது அவர் ஒருவர்தான். அந்தச் செருப்பு இரண்டு ஜோடியும் இன்னும் இங்கேதான் கிடக்கிறது. நான் வேறு யாருடையதோ என்று நினைத்தேன். வெறுங்காலோடு போயிருக்கிறார்கள்.

மெய்யப்பன், 12:24
ஆச்சி...

உமையாள் ஆச்சி, 12:26
லெட்சுமணா, படைப்புப் பேழையை நான் கோட்டையூர் வீட்டில் என் அறையில் வைத்துக்கொள்கிறேன். வருஷா வருஷம் அங்கே வந்து கும்பிடுங்கள். வீட்டை விற்கிறோம் என்றால் விற்கிறோம். பாதி விற்றுப் பாதி வைத்துக்கொள்ள முடியாது.

லெட்சுமணன் சித்தப்பா, 12:45
சரி ஆச்சி. தம்பி, அந்த சாரின் நம்பர் கொடு. நான் பேசுகிறேன்.

உமையாள் ஆச்சி, 12:46
நீ வேண்டாம். நான் பேசுகிறேன். செருப்பு இருக்கிறது என்று சொல்ல எனக்கு ஒரு சாக்கு இருக்கிறது.

புரோக்கர் தம்பி, 12:50
நம்பர் நோட்டில் இருக்கிறது ஆச்சி, தனியாக அனுப்புகிறேன். நானும் மன்னிப்புக் கேட்க வேண்டும்.
அடுத்த தடவை ஒரு நேரத்துக்கு ஒரு குடும்பம்தான், முக்கால் மணி நேரம். பின்கதவில் என் மச்சானை நிறுத்துகிறேன். தெரியாததைக் கேட்டால் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். டேப் எடுக்கிறவரை முதலில் நான் விசாரித்துக்கொள்கிறேன்.

மெய்யப்பன், 12:58
விலை இனி நான் ஒருவன்தான் சொல்வேன். 7 பங்குக்காரர்களும் கையெழுத்துப் போட்ட கடிதம் தயார் செய்கிறேன், தரகு எவ்வளவு என்பதும் அதிலேயே இருக்கும். தம்பி, உங்கள் கையெழுத்தும் வேண்டும். மின்சார பாக்கி என் செலவு.

விசாலாட்சி, 12:59
வவ்வால்?

மெய்யப்பன், 1:00
வவ்வால் பொதுச் செலவு.

விசாலாட்சி, 1:01
எப்போதும் இப்படித்தான் 🙄

செவ்வாய்க்கிழமை

உமையாள் ஆச்சி, மாலை 5:37
பேசினேன். முதலில் அந்த சார் எடுக்கவில்லை. இரண்டாவது தடவை அந்த அம்மா எடுத்தார். செருப்பைப் பற்றிச் சொன்னேன், சிரித்தார். மற்றதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. வீடு வேண்டுமா வேண்டாமா தெரியாது, பிள்ளை அந்த வளவில் மழை விழுவதைப் பார்க்க ஆசைப்பட்டாள், ஒரு நாள் வருகிறோம் என்றார். ஞாயிறு 10 மணி என்று சொல்லியிருக்கிறேன். மெய்யப்பா, அதற்குள் மாடியைக் கூட்ட ஆள் அனுப்பு.