பெரியவரின் நாகஸ்வர இரட்டைத் தட்டுத் தொகுப்பு: முதல் தட்டு மனத்தில் ஒட்டாதது ஏன்?

பாலாற்றங்கரை (சத்துவாச்சாரி):

அனைவருக்கும் வணக்கம். வேலூர் வட்டாரத்தில் ‘பெரியவர்’ என்று சொன்னாலே யாரைக் குறிக்கிறோம் என்று விளங்கிவிடும் நம் மூத்த நாகஸ்வர வித்வானின் புதிய இரட்டைத் தொகுப்பைப் பத்து நாள்களாகத் திரும்பத் திரும்பக் கேட்டு வருகிறேன். முதல் தட்டில் எட்டுக் கீர்த்தனைகள் இருக்கின்றன. இவை ஒலிப்பதிவுக் கூடத்தில் வாசித்தவை. இரண்டாம் தட்டில் ஒரு மல்லாரியும், அதைத் தொடர்ந்து 40 நிமிடங்களுக்கு மேல் நீளும் தோடி ராக ஆலாபனையும், இறுதியில் நீலாம்பரி ராகமும் இருக்கின்றன. இவை ஒரு கோயிலின் வெளிப் பிரகாரத்தில் இரவு நேரத்தில் பதிவானவை என்று அட்டையில் அச்சிட்டிருக்கிறார்கள்.

இரண்டாம் தட்டைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. சுவாமி புறப்பாட்டுக்கு முன்னால் நின்று கேட்பதைப் போலவே மல்லாரி ஒலிக்கிறது. கம்பீர நாட்டை ராகத்தின் முதல் பிடியிலேயே, அதாவது முதல் ஸ்வரக் கோவையிலேயே, நெஞ்சு நிமிர்ந்துவிடுகிறது. முதல் தட்டைத்தான் என்னால் முழுமையாக ஏற்க முடியவில்லை. கல்யாணிக் கீர்த்தனையின் சரணத்தில், மேல் ஸ்தாயி ஷட்ஜத்தில் அவர் நின்று நிலைக்கும் அந்த நீண்ட கார்வையை முப்பது ஆண்டுகளாகக் கேட்டு வளர்ந்தவன் நான். அது இந்தப் பதிவில் பாதியில் முடிந்துவிடுகிறது. தவிலோ பக்கத்து அறையில் வாசிப்பதைப் போல் அடங்கிக் கிடக்கிறது. அவருக்கு வயது 78 ஆகிவிட்டது என்பதை அறிவேன். மூச்சு குறைந்துவிட்டதா, பதிவு செய்த முறையில் பிழையா, அல்லது இரண்டாம் தட்டை முதலில் கேட்டுவிட்டதால் என் காதுதான் ஒருபக்கம் சாய்ந்துவிட்டதா என்று தெரியவில்லை. கேட்டவர்கள் தங்கள் கருத்தை விரிவாக எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ஒலிப்பதிவாளன் (காட்பாடி):

ஐயா, உங்கள் காதில் பிழை இல்லை. இருபது ஆண்டுகளாக ஒலிப்பதிவுத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். இந்தத் தொகுப்பில் எனக்கு எந்தப் பங்கும் இல்லை.

நாகஸ்வரத்தின் ஓசை முழுவதும் குழலின் அடியில் விரிந்திருக்கும் அணசின் வழியாகவே வெளிவருகிறது என்று எண்ணிக்கொண்டு, பலர் ஒலிவாங்கியை அணசுக்கு நேர் எதிரே, ஓர் அடிக்கும் குறைவான தொலைவில் நிறுத்திவிடுகிறார்கள். உண்மையில் விரல் எடுத்த துளைகளின் வழியாகவும் ஓசை புறப்படுகிறது. ஸ்வரம் மாற மாற ஓசை கிளம்பும் இடமும் குழலின் மீது மேலும் கீழுமாக நகர்கிறது. ஆகவே அணசை மட்டும் பார்த்து நிற்கும் ஒலிவாங்கியில் ஸ்வரத்துக்கு ஸ்வரம் நாதத்தின் நிறம் மாறித்தான் பதிவாகும். சற்று உயரத்தில், ஐந்தாறு அடி தள்ளி வைத்தால் குழல் முழுவதும் ஒன்றாகச் சேர்ந்து ஒலிக்கும். முதல் தட்டைக் கேட்டவரையில் மிக அருகில் வைத்த ஒலிவாங்கியின் அடையாளங்களே எனக்குத் தெரிகின்றன.

அதைவிடப் பெரிய குறை, ஓசையின் ஏற்ற இறக்கத்தைச் சமன்படுத்தியிருப்பதாகும். நாகஸ்வரத்தில் விரல் வைத்து வாசிக்கும் துளைகள் ஏழுதான். இடைப்பட்ட ஸ்வரஸ்தானங்களை எல்லாம் துளையைப் பாதி மூடியும், வாயில் வைத்து ஊதும் சீவாளியை உதட்டால் இறுக்கியும் தளர்த்தியும், மூச்சின் அழுத்தத்தைக் கூட்டியும் குறைத்தும் வித்வான்தான் உண்டாக்க வேண்டும். மூச்சின் அழுத்தம் மாறும்போது ஸ்வரமும் அசைகிறது, ஓசையின் அளவும் அசைகிறது. இரண்டும் சேர்ந்ததே கமகம் என்னும் அந்த அசைவின் உயிர். மெல்லிய இடத்தை உயர்த்தி, உரத்த இடத்தைத் தாழ்த்தி எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் ஸ்வரம் மட்டும் அசைந்துகொண்டிருக்கும், மூச்சு காணாமல் போய்விடும். கல்யாணியின் கார்வை உங்களுக்குப் பாதியில் முடிவதாகத் தோன்றுவதற்கும் இது ஒரு காரணமாக இருக்கலாம். கார்வை மெல்ல மெல்லத் தேய்ந்து மறையும் இடம் சமன்படுத்தியதில் தன் வடிவத்தை இழந்திருக்கிறது.

ஒன்று கேட்க வேண்டும்: நீங்கள் கைப்பேசியில் கேட்கிறீர்களா? கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கியால் தாழ்ந்த ஓசைகளை எழுப்ப முடியாது. தவிலின் வலது முகமான வலந்தலையில் விரல் கூடுகள் எழுப்பும் சொற்கள் கேட்கும். குச்சி விழும் இடது முகமான தொப்பியின் ஓசை அநேகமாகக் கேட்காது. தொப்பி இல்லாத தவில் பக்கத்து அறையில் ஒலிப்பதாகத்தான் தோன்றும்.

குடியாத்தம் ரசிகை:

இருவரின் கருத்திலிருந்தும் நான் மாறுபடுகிறேன். எனக்கு இந்தத் தொகுப்பில் முதல் தட்டுதான் உயர்ந்தது.

தோடியை ஒரு மணி நேரம் வாசிக்கும் ஆற்றல் பெரியவருக்கு உண்டு என்பது எல்லோரும் அறிந்தது. சாஹித்யத்தின் ஒவ்வொரு சொல்லையும் பாடகர் உச்சரிப்பதைப் போல் நாக்கால் தொட்டுக் குழலில் எழுப்பும் அவருடைய துத்துக்காரத்தைத் திருவிழாக் கூட்டத்தின் இரைச்சலில் யாரால் கேட்க முடிந்தது? திருவண்ணாமலை அருணாசலேசுவரரைப் பற்றி முத்துசுவாமி தீட்சிதர் சாரங்கா ராகத்தில் இயற்றிய கீர்த்தனை ஐந்தாவதாக வருகிறது. அதில் நாக்கு எங்கே தொடுகிறது, எங்கே தொடாமல் சொல்லை நீட்டிச் செல்கிறது என்பதை வரியைக் கையில் வைத்துக்கொண்டு பின்தொடரலாம். நான் அப்படித்தான் கேட்டேன். சொல் உடைய வேண்டாத இடத்தில் ஒருமுறைகூட உடையவில்லை. வாய்ப்பாட்டு கற்ற எனக்கு அது பெரிய பாடமாக இருந்தது.

தவில் அடங்கியிருப்பதையும் குறையாக நினைக்கவில்லை. 2004ஆம் ஆண்டு சங்கீத கலாநிதி விருது பெற்ற வேலூர் இராமபத்ரன் அவர்களின் மிருதங்கத்தைக் கொண்டாடும் ஊர் நம்முடையது. பாடகரின் சொல்லை மூடாமல், பாட்டுக்கு வழிவிட்டு, சுகமாக வாசித்ததுதானே அவர் பெருமை? கீர்த்தனைக்கு வாசிக்கும் தவில், மல்லாரிக்கு வாசிப்பதைப் போல் முழங்க வேண்டியதில்லை.

ஆரணி நெசவாளர்:

மகள் திருமணத்துக்கு வருபவர்களுக்குக் கொடுக்க ஐம்பது தொகுப்புகள் வாங்க எண்ணியிருக்கிறேன். முகூர்த்த வீட்டில் கெட்டிமேளம் இல்லாத நேரத்தில் ஒலிக்கவிடுவதற்கு முதல் தட்டே பொருத்தமாக இருந்தது. நீலாம்பரி பள்ளியறைக்கு உரிய ராகம் என்பதால் காலையில் இரண்டாம் தட்டை ஒலிக்கவிட என் மனம் இடம் கொடுக்கவில்லை.

வாலாஜா மூத்தவர்:

எனக்கு வயது 74. பெரியவரை நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கேட்டு வருகிறேன் என்ற உரிமையில் சற்று நீளமாக எழுதுகிறேன்.

எங்கள் இளமையில் வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேசுவரர் கோயிலில் மூலவர் இல்லை; ஆகவே பூசையும் இல்லை, மேளமும் இல்லை. அந்தக் கல்யாண மண்டபத்தின் தூண்களைப் பார்க்கப் போவோம், பார்த்துவிட்டு அகழி ஓரமாகத் திரும்பி வருவோம். 1981இல் லிங்கத்தை மீண்டும் கோயிலுக்குள் கொண்டுவந்து வைத்த பிறகுதான் அந்தக் கற்களுக்கு நடுவில் நாகஸ்வரம் ஒலித்து நான் கேட்டேன். கல்லில் பட்டுத் திரும்பிவரும் நாதம் வேறு, பஞ்சு ஒட்டிய சுவருக்குள் அடங்கும் நாதம் வேறு. காட்பாடி நண்பர் ஒலிவாங்கியைப் பற்றிச் சொன்னது சரியாகவே இருக்கலாம். ஆனாலும் சுவர்களைப் பற்றியும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். வெட்டவெளிக்கும் வீதிக்கும் பிரகாரத்துக்கும் என்று வளர்ந்த வாத்தியம் இது. கூடத்துக்குள் வாசிக்கும்போது தன் நாதம் தன்னிடமே திரும்பி வராததால் வித்வானே கையை அடக்கிக்கொள்கிறார்.

இனி மூச்சைப் பற்றி. பாலாற்றங்கரை அவர்களே, மூச்சு குறைந்திருக்கிறது என்பது உண்மை. அதை மறைக்க வேண்டியதில்லை. அவர் அதை எப்படிக் கையாண்டிருக்கிறார் என்பதுதான் இந்தத் தொகுப்பின் மிகச் சிறந்த பகுதி. திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளையின் (1898–1956) தோடி, ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடங்களைச் சற்றே தாண்டும் பழைய 78 சுற்று இசைத்தட்டுகளிலும் வெளிவந்தது. இரவு முழுவதும் விரியக்கூடிய ராகத்தை அந்தச் சிறிய இடத்துக்குள் ஒடுக்கும்போது எந்தப் பிடியை வைப்பது, எதை விடுவது என்பதில்தான் வித்வத் தெரியும். எங்கள் தலைமுறை அந்தத் தட்டுகளைத் தேயத் தேயக் கேட்டது. பெரியவரும் அப்படிக் கேட்டு வளர்ந்தவர் என்பதை இந்த ஆலாபனையின் சிக்கனம் காட்டுகிறது.

தோடியின் முதல் பத்து நிமிடங்களை மீண்டும் கேளுங்கள். பஞ்சமத்தைத் தொடாமல் காந்தாரத்தையும் மத்யமத்தையும் சுற்றியே வருகிறார். இளமையில் ஒரே மூச்சில் வாசித்திருக்கக்கூடிய பிடியை இப்போது இரண்டாகப் பிரிக்கிறார்; பிரிக்கும் இடத்தில் ஆதார சுருதியைத் தரும் ஒத்து மட்டும் ஒலிக்கிறது. அந்த இடைவெளியில் கேட்பவருடைய மனம் அடுத்த ஸ்வரத்தைத் தேடிப் போய் நிற்கிறது, அவர் வந்து அதே ஸ்வரத்தை வைக்கிறார். மூச்சு எடுப்பதற்காக நின்றது என்று எனக்கு ஒருமுறைகூடத் தோன்றவில்லை. கல்யாணியில் அப்படி நிற்க இடமில்லை. தாளம் ஓடிக்கொண்டிருக்கிறது, கீர்த்தனையின் வரி முன்னே இழுக்கிறது. நீங்கள் உணர்ந்த குறை அங்கேதான் பிறக்கிறது என்பது என் கணிப்பு. அந்தக் கல்யாணியை மட்டும் தொகுப்பில் சேர்க்காமல் விட்டிருக்கலாம்.

குடியாத்தத்து அம்மாவுக்கு ஒரு சொல்: சாரங்காவைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு மறுபடியும் கேட்டேன். நீங்கள் சொன்னது முழுவதும் உண்மை.

பாலாற்றங்கரை (சத்துவாச்சாரி):

இவ்வளவு அக்கறையுடன் எழுதிய அனைவருக்கும் நன்றி. ஒலிப்பதிவாள நண்பர் ஊகித்ததைப் போல நான் கைப்பேசியில்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். நேற்று விடியற்காலையில், வெயில் ஏறுவதற்கு முன்பாக, மாடியில் என் தந்தையாரின் பழைய பெரிய ஒலிபெருக்கியை இணைத்து இரண்டு தட்டுகளையும் வரிசையாகக் கேட்டேன். தவிலின் தொப்பி திரும்பக் கிடைத்தது. ஆனாலும் கீர்த்தனைகளில் அது அடங்கியே இருக்கிறது, அந்த அடக்கத்தை நான் இன்னும் ரசிக்கப் பழகவில்லை. சாரங்காவில் அவர் மூச்சு எடுக்கும் இடங்கள் எல்லாம் சொல் முடியும் இடங்களாகவே இருப்பதைப் புத்தகத்தை வைத்துக்கொண்டு சரிபார்த்தேன். அந்தக் கீர்த்தனையைப் பொறுத்தவரை என் முதல் கருத்தை மாற்றிக்கொள்கிறேன். கல்யாணியில் மாற்றமில்லை.

வாலாஜா ஐயா, தோடியில் நீங்கள் காட்டிய இடைவெளிகளை எண்ணத் தொடங்கிப் பாதியிலேயே எண்ணிக்கையை விட்டுவிட்டேன். யாரும் இங்கே குறிப்பிடாத ஒன்றையும் கவனித்தேன். நீலாம்பரி முடிந்து பெரியவர் குழலை எடுத்த பிறகும் ஒத்து வாசிப்பவர் உடனே நிறுத்தவில்லை. சில நொடிகள் ஆதார சுருதி மட்டும் தனியாக ஒலித்து, பிறகு அடங்குகிறது. அதை வெட்டாமல் விட்ட அந்த ஒலிப்பதிவாளர் யாராக இருந்தாலும் என் வணக்கத்தைத் தெரிவித்துக்கொள்கிறேன்.