து பிஆவ் நாளில் நீங்கள் நேரில் பார்த்தது?

ரெஹோவோத் வாசி:
2024 ஆகஸ்ட். து பிஆவுக்கு, அதாவது இஸ்ரேலின் காதலர் தினத்துக்கு முந்தைய நாள். பக்கத்து வீட்டுப் பெண் வந்து என் மனைவியிடம் வெள்ளை உடை இரவல் கேட்டாள். அவளுக்குத் துணிக்குப் பஞ்சமே இல்லை. பைபிளில் வரும் பழைய ஊரான ஷிலோவில் பெண்கள் கூடி ஆடப் போகிறார்களாம், சொந்த உடை வேண்டாமாம். யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் வருகிறதே, இல்லாதவள் கூசக் கூடாதென்று எருசலேம் பெண்கள் எல்லோருமே இரவல் வெள்ளை உடுத்தித் திராட்சைத் தோட்டத்தில் ஆடினார்கள் என்று, அதுதான். கல்யாணமாகாத பெண்ணுக்கு வெறும் வெள்ளையைக் கொடுக்க மனசில்லாமல் என் மனைவி சுடிதாரோடு சிவப்புத் துப்பட்டாவையும் வைத்தாள். அந்தப் பெண் துப்பட்டாவை மட்டும் மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். என் மனைவி முகம் சட்டென்று வாடிவிட்டது. இருவருமே நல்லதைத்தான் நினைத்தார்கள்.

கலிலேயா:
காதலர் தினம் என்பதை ஏற்க முடியவில்லை. ரோஜா விற்பதெல்லாம் இந்தக் காலத்து வழக்கம். மிஷ்னாவை விளக்கும் தல்மூத் சொல்லும் காரணங்கள் வேறு: கோத்திரம் விட்டுக் கோத்திரம் மணக்க இருந்த தடை நீங்கிய நாள், ரோமர்கள் வீழ்த்திய பெத்தார் கோட்டையில் கொல்லப்பட்டவர்களை அடக்கம் செய்ய அனுமதி கிடைத்த நாள். இங்கே கலிலேயாவில் அமூக்கா என்ற இடத்தில் யோனத்தான் பென் உசியேல் என்ற பழங்கால ஞானியின் கல்லறைக்குப் போயிருக்கிறேன். வரன் வேண்டி அவ்வளவு கூட்டம். ஓர் அம்மா மகன் படத்தை ஃபோனில் திறந்து கல்லறைமேல் வைத்துவிட்டு அழுதார். ஃபோன் திரை அணைய அணைய விரலால் தட்டி எழுப்பிக்கொண்டே இருந்தார்.

ரெஹோவோத் வாசி:
கோத்திரத் தடை நீங்கியதும் கல்யாணத்துக்காகத்தானே? பெத்தார் விஷயம் சரி, ஒத்துக்கொள்கிறேன்.

ஹைஃபா மலர்:
நான் பார்த்துக்கொள்ளும் பாட்டி அன்று கணவர் படத்துக்குப் பூ வைத்துவிட்டு, வழக்கத்துக்கு மாறாக என்னையும் பக்கத்தில் உட்காரச் சொன்னார். ஒன்றும் பேசவில்லை.

சரி, கேள்வி கேட்ட நான், இந்த நாளில் அங்கே போக நினைப்பவர்களுக்குச் சொல்கிறேன். து பிஆவ் என்பது யூத நாட்காட்டியில் ஆவ் மாதம் 15, பௌர்ணமி. ஆங்கிலத் தேதி வருடா வருடம் மாறும், முந்தைய மாலையே தொடங்கிவிடும். 2025ல் சனிக்கிழமை வந்தது. அப்படி வந்தால் வெள்ளி மாலையோடு பெரும்பாலான பஸ்கள் நின்றுவிடும், முன்கூட்டியே கிளம்புங்கள். கல்யாணத்துக்கு அழைத்தால் தவறாமல் போங்கள். எருசலேம் ஆலயம் அழிந்ததற்குத் துக்கம் காக்கும் திஷா பிஆவுக்கு முந்தைய மூன்று வாரம், நம் ஆடி மாதம் போல, ஆசாரமானவர்கள் பலர் கல்யாணம் வைப்பதில்லை. அது முடிந்து ஆறாம் நாள் இது, அதனால் முகூர்த்தம் குவியும். மொய்யை உறையில் வைத்துக் கொடுங்கள். ஆசாரமான வீடென்றால் ஆண்கள் ஆடும் பக்கம் வேறு, பெண்கள் பக்கம் வேறு, பார்த்து நில்லுங்கள். அப்புறம், அங்கே யாரையாவது விரும்பும் நம் பிள்ளைகளுக்கு: மதம் வேறென்றால் உள்ளூரில் பதிவுத் திருமணம் கிடையாது. பலர் சைப்ரஸ் போய் மணந்துவிட்டு வந்து பதிந்துகொள்கிறார்கள். காகிதங்களை முதலிலேயே தயார் செய்யுங்கள்.