சீனி வருத்தம் (நீரிழிவு) உள்ளவரின் நகம்: கை வைக்கலாமா?

கொக்குவிலில் வீட்டோடு சேர்த்துச் சின்ன பியூட்டி பார்லர் வைத்திருக்கிறேன். வருகிற வெள்ளி மகளின் கலியாணம், பெடிக்கியூர் வேண்டுமென்று போன திங்கள் ஓர் அம்மா வந்தார். வயது 58, பத்து வருடமாகச் சீனி வருத்தம்.

பழைய கியூட்டெக்ஸை அழித்ததும் எனக்குத் திக்கென்றது. வலது பெருவிரல் நகம் மஞ்சளாகித் தடித்து, நுனி சுண்ணாம்பு மாதிரி உதிர்கிறது. எட்டு மாதமாக இப்படித்தானாம். மற்ற நகங்களில் குழி இல்லை. விரலிடுக்கில் வெடிப்போ புண்ணோ இல்லை. கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் தொட்டுப் பார்த்தேன். இடது காலில் உடனே சொன்னார். வலது பெருவிரலில் மூன்று தரம் தொட்ட பிறகும், "இன்னும் தொடேல்லையோ பிள்ளை?" என்றார்.

வெந்நீரில் கால் வைக்கவே விடவில்லை. டொக்டரிடம் காட்டிவிட்டு வரச் சொன்னேன். கிளினிக்கில் சீனி மட்டும் பார்த்தார்களாம், செருப்பைக் கழற்றச் சொல்லவில்லையாம். முன்பு பார்மசியில் தானே வாங்கி இரண்டு கிழமை பூசிய பூஞ்சைக் கிறீமாலும் மாற்றமில்லை (தடித்த நகத்துக்குள் கிறீம் எங்கே இறங்கும்). "சும்மா கியூட்டெக்ஸ் பூசி மறைச்சு விடு" என்கிறார். எனக்கு மனம் வரவில்லை.

ஊறவைக்காமல், சதை வெட்டாமல், புதிய அரத்தால் நுனியை மட்டும் அராவிக் கொடுக்கலாமா, அல்லது டொக்டர் காலைப் பார்த்துக் கடிதம் தரும்வரை தொடாமலே இருக்க வேண்டுமா?