வாட்டுக்கு எத்தனை லூமன்? 'ஒளிவிளைச்சல்' என்ற சொல்லை முன்வைக்கிறேன்

அன்பு நண்பர்களுக்கு, வணக்கம்.

வாட்டுக்கு எத்தனை லூமன் என்ற அளவைத் தமிழில் 'ஒளித்திறன்' என்று சொல்லலாமா என்று நம் குழுவில் ஓடும் இழையில் மூன்று நாளாக வந்த மடல்களைப் படித்துவிட்டு எழுதுகிறேன். மன்னார்குடியில் மின்சாமான் கடை வைத்திருப்பவன் நான். வீட்டு விளக்கில் கரண்ட் மிச்சம் பிடிப்பது பற்றி வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்க ஒரு தாள் எழுத உட்கார்ந்தேன். ஒரு வாட் மின்சாரத்தை வாங்கிக்கொண்டு விளக்கு எத்தனை லூமன் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் தருகிறது என்ற அளவுக்குச் சொல் அகப்படாமல் இரண்டாவது வரியிலேயே நின்றுவிட்டேன்.

> ஒளித்திறன் போதாதா? எளிமையாக இருக்கிறதே.

போதாது. நம் பாடநூல்களில் 'திறன்' என்பது வாட்டில் அளக்கப்படுவது. 'ஒளித்திறன் கூடிய பல்பு' என்றால் பத்தாம் வகுப்புப் பிள்ளை வாட் கூடிய பல்பு என்றுதான் எடுத்துக்கொள்ளும். நாம் சொல்ல வந்ததோ நேர் எதிர்.

> அப்படியானால் 'பயனுறு திறன்' இருக்கிறது.

அது நூற்றுக்கு இத்தனை என்று அலகில்லாமல் வரும் எண். இங்கே வகுத்தலில் மேலே லூமன், கீழே வாட். லூமன் நம் கண்ணையும் சேர்த்துக்கொண்டு அளக்கும் அளவு. 555 நானோமீட்டர் பச்சையில் ஒரு வாட் ஒளி 683 லூமன் ஆகும். அதே ஒரு வாட் கருஞ்சிவப்பாக வந்தால் கண்ணுக்கு எட்டுவது மிகச் சொற்பம். ஆகவே அலகைக் கூடவே கூட்டிவரும் சொல்தான் வேண்டும்.

எனக்குச் சொல் கிடைத்தது கடையில். மாட்டுக்கொட்டகைக்குப் பல்பு வாங்க ஒரு பெரியம்மா வந்தார். "அறுபது வாட்ஸ் குடு தம்பி" என்றார். 9 வாட் எல்இடியை எடுத்து வைத்தேன். பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒம்போதுல என்னப்பா வெளிச்சம் வந்துடப் போவுது? கன்னு ஈன்ற நேரத்துல தடவிக்கிட்டு நிக்கணுமா?" பெட்டியின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் 900 லூமன் என்று அச்சிட்டிருந்தது. 60 வாட் குண்டு பல்பு தருவது சுமார் 700தான். இதை எப்படிச் சொல்வது? "பெரியம்மா, வாட்ஸுங்கிறது நாம பாய்ச்சுற தண்ணி. வெளிச்சம்தான் வெளையுற நெல்லு. பழைய பல்பு ஒரு பங்கு தண்ணிக்குப் பன்னண்டு மூட்டை காணும். இது நூறு மூட்டை காணும்" என்றேன். இரண்டாகக் கொடு என்று வாங்கிப் போனார்.

அன்றிரவே தாளில் எழுதினேன்: ஒளிவிளைச்சல்.

இதற்கு 'மேனி' என்று கும்பகோணத்து நண்பர் இழையில் சொன்னது அருமையான சொல். நூறு மேனி விளைந்தது என்பதில் 'இத்தனைக்கு இத்தனை' என்ற கணக்கே அடங்கியிருக்கிறது. ஆனால் 'ஒளிமேனி' என்று சேர்த்தால் ஒளிவீசும் உடல் என்றுதான் காதில் விழுகிறது. 'கண்டுமுதல்' என்பது அறுத்து அடித்துக் கண்ட நெல்லைக் குறிக்கும் எங்கள் பக்கத்துக் களத்துமேட்டுச் சொல், எனக்கு உயிர். கோயம்புத்தூரிலும் யாழ்ப்பாணத்திலும் அது உடனே புரியுமா என்று யோசித்துத்தான் விட்டேன். விளைச்சல் எல்லாருக்கும் புரியும். ஜெர்மானியர் இதே அளவை 'லிஷ்ட்அவுஸ்பாய்ட்ட' என்கிறார்கள். அதற்கும் பொருள் ஒளியின் விளைச்சல்தான். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. தெரிந்ததும் துணிவு வந்தது.

இந்தச் சொல்லிலிருந்து வேறு சொற்களும் பிறக்கின்றன. 'உயர்விளைச்சல் விளக்கு' என்று சொல்லிப் பாருங்கள். ஆடுதுறை நெல் ரகங்களை நட்டுப் பழகிய ஊருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. பழைய டியூப் லைட்டைச் சொல்லும்போது, இரும்புச் சோக் தனியே விழுங்கும் 10 வாட்டுக்கு மேற்பட்ட மின்சாரத்தையும் கீழே சேர்த்தால்தான் உண்மையான ஒளிவிளைச்சல் வரும் என்று எழுதலாம். வாய்க்காலில் கசிந்த தண்ணீரும் நாம் இறைத்த தண்ணீர்தானே.

கஜா புயல் அடித்த 2018 நவம்பரில் இந்தச் சொல் என் கையில் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கம்ப்யூட்டர் யுபிஎஸ்ஸில் கிடக்கும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரியில் இருப்பது 84 வாட்-மணி. கணக்குப்படி 60 வாட் பல்பு ஒன்றரை மணி நேரம்கூட எரியாது. 9 வாட் பல்பு ஒன்பது மணி நேரம் எரியும். கரண்ட் இல்லாத ஊரில் ஒருமுறை சார்ஜ் ஏற்றியதை வைத்து இரவைத் தள்ள வேண்டியவனுக்கு இது வெறும் பில் கணக்கு அல்ல.

உங்கள் கருத்தை எழுதுங்கள்.

மன்னார்குடிக் கடைக்காரன்

---

ஐயா, வணக்கம்.

சொல் பிடித்திருக்கிறது. இயற்பியல் ஆசிரியை என்ற முறையில் ஒரு தடை. உள்ளே போன ஃபோட்டானுக்கு (ஒளித்துகளுக்கு) எத்தனை வெளியே வந்தது என்ற 'குவாண்டம் விளைச்சல்' ஏற்கெனவே இருக்கிறது. அதற்கு அலகு கிடையாது. இரண்டும் குழம்பாதா?

திருவாரூரிலிருந்து

---

அம்மா, நல்ல கேள்வி. இரண்டும் ஒரே குடும்பம்தான், இட்டதற்குக் கிடைத்தது என்ற கணக்கு இரண்டிலும் உண்டு. 'ஒளி', 'குவாண்டம்' என்ற முன்னொட்டு பிரித்துக் காட்டும். ஆனாலும் உங்கள் தடையை ஏற்று, தாளில் எண் வரும் இடத்திலெல்லாம் அலகை விடாமல் எழுதுகிறேன். திருத்திய வரி இது:

"60 வாட் குண்டு பல்பின் ஒளிவிளைச்சல் வாட்டுக்குச் சுமார் 12 லூமன். 9 வாட் எல்இடியின் ஒளிவிளைச்சல் வாட்டுக்கு 100 லூமன். தினம் ஐந்து மணி நேரம் எரித்தால் இரண்டு மாதப் பில்லில் முன்னது 18 யூனிட், பின்னது 2.7 யூனிட்."

நாளைக் காலை அச்சகத்துக்குக் கொடுக்கிறேன். அதற்குள் இதைவிட நல்ல சொல் யாருக்காவது தோன்றினால் இரவே எழுதுங்கள், மாற்றிவிடுகிறேன்.